நிலத்துக்குப் பாதிப்பில்லை

மே 18, திங்கள்

காலையில் மூட்டம். மூன்று மணிக்கு இடி, பிறகு ஆலங்கட்டி. ஹெல்த் சென்டரின் பின்பக்கத் தகரத்தில் யாரோ கல்லெறிவது போலச் சத்தம். டவர் போனது.

செய்ய வேண்டியவை: கர்ப்பிணிப் பதிவேடு. புதன் தடுப்பூசிக்கு ஐஸ் பெட்டி. ஜெனியின் யூனிஃபார்ம் அளவு, அத்தையிடம் கேட்க. மகள் லீவுக்குத் தூத்துக்குடியில் அத்தை வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது.

மழை விட்டதும் பாறைக்கு ஏறினேன். பாப்பாயிக்காவின் மரவள்ளிக் காட்டுக்கு மேலே. டவர் சரியில்லாத நாளில் அங்கே மட்டும் இரண்டு கோடு கிடைக்கும். சேவியரிடமிருந்து மூன்று குரல் செய்தி. அமெரிக்காவில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கிறது அவர் வேலை பார்க்கும் கப்பல். இன்று எட்டாம் நாள்.

“கடலு லேசா முறைக்கி மேரி. பயப்படாத. ஜெனி சாப்பிட்டாளா?”

முறைக்கிறது என்று அவர் சொன்னால் அடிக்கப் போகிறது என்று பொருள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இதுகூடவா தெரியாது.

அமெரிக்கக்காரர்களின் வானிலைப் பக்கத்தைத் திறந்தேன். கடலின் நடுவில் மஞ்சள் வட்டம், புயலாக மாறலாம் என்று. கீழே ஒரு வரி: நிலத்துக்குப் பாதிப்பில்லை.

நிலத்துக்கு. சரி.

மே 19, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. திருப்புலி நாட்டுக் கிராமத்தில் இரண்டு வீடு பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு இரத்தம் ஏழு புள்ளி. இரும்பு மாத்திரையைக் கூரையில் செருகி வைத்திருக்கிறாள். திட்டினேன். பிறகு உட்கார்ந்து விழுங்கும்வரை பார்த்தேன்.

வட்டம் ஆரஞ்சாகிவிட்டது.

சேவியர் சொன்னது: கேப்டன் தெற்கே ஒதுங்கிச் சுற்றிப் போகலாமா என்று கம்பெனியைக் கேட்டிருக்கிறார். கம்பெனி பதில்: புயல் என்று அறிவிப்பு இல்லை, நேராகப் போகவும். சுற்றினால் ஒன்றரை நாள் தாமதமாகுமாம்.

ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். இவரைக் கப்பலுக்கு அனுப்பியவர்கள். பிரகாஷ் என்று ஒருவன் எடுத்தான். குரலுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

“மேடம், அங்க புயல் சீசனே ஜூன்லதான் ஸ்டார்ட் ஆகும்.”

“புயலுக்கு அது தெரியுமா தம்பி?”

“இது புயலே இல்ல மேடம். சப்ட்ராபிக்கல்னு பாதி பாதி. இன்னும் டிக்ளேர் பண்ணல.”

அதைப் பற்றி நானும் படித்துவிட்டேன். நம் பக்கத்துப் புயல் சூடான கடலில் பிறக்கும். இது குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான தண்ணீரும் மோதிப் பிறப்பது. பாதி அந்த ஜாதி, பாதி இந்த ஜாதி. எந்தப் பட்டியலில் எழுதுவது என்று முடிவு செய்யும்வரை அது இல்லை என்று கணக்கு. காற்று மட்டும் முடிவுக்குக் காத்திருக்காமல் அடித்துக்கொண்டிருக்கிறது.

பாப்பாயிக்கா மிளகுக்கொடியைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நேற்றைய ஆலங்கட்டியில் இழுபட்ட கொடி. விவரம் சொன்னேன்.

“ஏனுங்க நர்ஸம்மா, மழைன்னா நம்ம பஸ்ஸே அடிவாரத்துல நின்னுக்குது. அத்தாப் பெரிய கப்பல நிறுத்தத் தெரியாதுங்களா?”

அந்த ஆபீசில் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இல்லை.

மே 20, புதன்

தடுப்பூசி. பதினாறு குழந்தைகள். இரண்டு பேர் வரவில்லை, தகவல் அனுப்பியாயிற்று. தலைவலி.

டவர் வந்தது. இரண்டு மணிக்குச் செய்தி. பின்னால் காற்றின் ஊளை. பாதி வார்த்தை விழவில்லை. நாலு தடவை கேட்டு எழுதுகிறேன்:

முன்தளத்தில் கயிற்றுச் சுருள் அவிழ்ந்துவிட்டதாம். இவரையும் இன்னொருவனையும் கட்ட அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடலில்! அலை ஏறி வந்து இவரைத் தூக்கி கயிறு இழுக்கும் இரும்பு விஞ்சில் அடித்திருக்கிறது. இடது விலா. மற்றவன் இழுத்துக் காப்பாற்றியிருக்கிறான்.

“ஒன்னும் பெருசா இல்ல. மூச்சு இழுக்கும்போது மட்டும் பிடிக்கி. நீ அம்மாட்டச் சொல்லாத என்ன.”

கப்பலில் டாக்டர் கிடையாது. இரண்டாம் மேட் என்ற அதிகாரிதான் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு. அவன் விலாவில் கட்டுப்போட்டு வலி மாத்திரை கொடுத்திருக்கிறான்.

பிரகாஷுக்குப் போன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது! எனக்குச் சொல்லவில்லை.

“சின்ன அடிதான் மேடம். மசில் கேட்ச். ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

கத்திவிட்டேன். வெளியே ஊசி போட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த தாய்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பிடவில்லை.

மே 21, வியாழன்

பனிமூட்டம், பத்து மணிவரை ரோடு தெரியவில்லை.

இன்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். துணை வெப்பமண்டலப் புயல், ஒரு பெண் பெயர். பக்கம் முழுக்க எண்கள், அம்புக்குறி. வாழ்த்துகள். கப்பல் நேற்றே அதன் நடுவில் போய் வந்துவிட்டது.

இன்றும் அதே வரி. நிலத்துக்குப் பாதிப்பில்லை. கடலில் இருப்பவர்களுக்கு வேறு பக்கம் இருக்கிறதாம், கப்பல்காரர்கள் படிக்க. அதில் பலத்த காற்று என்று முதல் நாளே போட்டிருந்தார்கள் என்கிறார் சேவியர். ஆக, தெரியாமல் நடந்ததல்ல. பெயர் இல்லாததைச் சாக்காக வைத்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்குச் செய்தி. குரல் மெலிவு.

“ராத்திரி தூங்கல. படுத்தா இடது தோளு நுனில குத்துது. தோள்ல அடிபடவே இல்ல, ஏன்னு தெரியல. எந்திச்சா தலை சுத்துது.”

இதைக் கேட்டதும் கையில் இருந்த பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

விலாவில் அடி. தோளில் வலி. தோளில் ஒரு கீறல் இல்லை. இதை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிடப் போனால் டவர் இல்லை; இரவுவரை பாறையிலும் ஒரு கோடுகூட இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை. போன வருடம் பலாப் பருவம். பாப்பாயிக்காவின் வீட்டுக்காரர் ராமன் அண்ணன் மரத்திலிருந்து விழுந்தார். இடப்பக்கம் அடி. மறுநாள் நடந்தேதான் சென்டருக்கு வந்தார். விலா வலியை விடத் தோள்வலியைத்தான் சொன்னார். அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சதைப் பிடிப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினேன். அதற்கு மறுநாள் மலை இறங்கும் பஸ்ஸில், வளைவுகள் முடிவதற்குள் போய்விட்டார். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம். அந்த இரத்தம் மேலே உதரவிதானத்தைத் தொட்டால் தோளில் வலிக்கும். பிற்பாடு புத்தகத்தில் தேடிப் படித்தேன். ஒரே பத்தி. படித்துப் பரீட்சை எழுதியதுதான், மறந்துபோயிருந்தது.

சதைப் பிடிப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும். பிரகாஷ் நேற்றுச் சொன்னது என் வாக்கியம். இங்கிலீஷ் மட்டும்தான் வேறு. நேற்று நான் கத்தியது யாரைப் பார்த்து?

அவனுக்காவது வைத்தியம் தெரியாது. எனக்கு என்ன?

மே 22, வெள்ளி

சொல்லும் நிலையில் இல்லை. நடந்ததை நடந்தபடி.

காலை ஏழு. சேவியரிடம் சொன்னேன்: இரண்டாம் மேட்டைக் கூப்பிடுங்கள், நாடி எண்ணட்டும், ஒரு நிமிடம் முழுதாக. நூற்றுப் பதினாறு. உட்கார வைத்து எண்ணினால் நூற்று முப்பது. இரத்த அழுத்தம் குறைந்துகொண்டு வருகிறது. உதடு வெளுத்திருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள் என்றேன். சேவியர்: “ஆமாங்கான்.”

ஏழு நாற்பது. பிரகாஷ். ஹெலிகாப்டர் வேண்டும், உடனே அறுவை சிகிச்சை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

“மேடம், நீங்க நர்ஸ்தானே? டாக்டர் இல்லியே. கப்பல திருப்பறதுன்னா சும்மாவா?”

நர்ஸ்தான். மலையில் ஐந்து வருடமாக டாக்டர் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிற நர்ஸ். இதைச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது நோட்டில் வீரம்.

எட்டு பத்து. பஸ் இல்லை. பால்காரர் பைக்கில் ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர், எங்கள் எம்.ஓ. மேடம், அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயதுப் பெண், சேலத்துக்காரர். பொதுவாக என் பதிவேட்டில் பிழை கண்டுபிடிப்பவர். நாடிக் கணக்கைக் காட்டினேன், விலாவில் அடி, தோளில் வலி என்றேன். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, மண்ணீரல் என்று பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், இது ஸ்ப்ளீன். யார் இன்னும் வெயிட் பண்ணச் சொல்றது?”

அவரே பிரகாஷிடம் பேசினார். அவன் கேப்டனுக்கு மெயில் அனுப்புங்கள் என்றான். அனுப்பினார், கேப்டனுக்கும் ஏஜென்டுக்கும் கம்பெனிக்கும். நோயாளிகள் வெளியே இருமிக்கொண்டிருந்தார்கள், அவர் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரி: உள் இரத்தக்கசிவு என்று இந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது, இதற்கு மேல் தாமதமானால் நான் சாட்சி சொல்வேன்.

முக்கால் மணி நேரத்தில் கேப்டனிடமிருந்து பதில். யாரையும் கேட்கவில்லை அவர். ரேடியோவில் போர்த்துகல்காரர்களின் தீவைக் கூப்பிட்டுவிட்டார். கப்பல் வடக்கே திரும்பியது. ஹெலிகாப்டர் எட்டும் தூரத்துக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம். புயலின் விளிம்பு இன்னும் அதே வழியில்.

சுற்றிப் போயிருந்தால் ஒன்றரை நாள் வீணாம்.

மாலை பாறையில். சேவியர் ஆன்லைனில் இல்லை. பாப்பாயிக்கா கீழே மரவள்ளியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“அக்கா, அண்ணனுக்கும் இதே வலிதான். அன்னைக்கே நான் கண்டுபிடிச்சிருக்கணும். தப்பா அனுப்பிட்டேன்.”

அவர் கை நிற்கவில்லை.

“தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“கீழ பெரியாஸ்பத்திரியில அறுத்துப் பாத்த டாக்டரு சொன்னாருங்க. தோளு வலிக்குதுன்னப்பவே கூட்டியாந்திருக்கோணும்னு.”

“ஒரு வருஷமா ஏன்க்கா என்கிட்டக் கேக்கல?”

அப்போதுதான் நிமிர்ந்தார். “கேட்டா நீங்க மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிருவீங்க. உங்களுக்கு முன்னால மூணு வருசம் நர்ஸே இல்லாம சென்டருக்குப் பூட்டுத்தானுங்க. எம்மருமவ அப்ப ஆறு மாசம். அவளுக்கு யாரு பாக்கறது?”

நானும் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினேன்.

“கோவம் இல்லாமயா இருக்கும்? இருந்துச்சுங்க. உங்க மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் இருந்துச்சு.” மண்ணை உதறினார். “எனக்கு அப்ப போன் போட்டுச் சண்டை புடிக்க ஒரு ஆளு இல்லீங்க. நீங்க புடிங்க. உடாதீங்க அவனுங்கள.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாயில்லை.

மே 23, சனி

மழை, விட்டு விட்டு.

லீவு போடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். இரண்டு வயிற்றுப்போக்கு, ஒரு நாய்க்கடி (கழுவி, ஊசி போட்டு, மீதி ஊசித் தேதி எழுதிக் கொடுத்தேன்). வளப்பூர் நாட்டிலிருந்து ஒரு கர்ப்பிணி, நல்ல நிலை.

மதியம் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து போன். இங்கிலீஷ். கப்பலின் இரண்டாம் மேட். பிலிப்பைன்ஸ்காரன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். ஹெலிகாப்டர் வந்து, சேவியரைக் கூடையில் கட்டி மேலே தூக்கியிருக்கிறார்கள். மேலே போகும்போது சேவியர் கையை ஆட்டினாராம். கப்பல் ஆடியதில் கூடை இரண்டு முறை கம்பத்தில் மோதப் பார்த்ததாம். இதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

“சிஸ்டர், ஸாரி” என்றான். நேற்று முழுக்க மணிக்கு ஒரு தடவை நாடி எண்ணி எழுதியவன் அவன். அவன் ஏன் ஸாரி சொல்ல வேண்டும்? சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

அத்தைக்கு இப்போதுதான் தெரியும். அழுதுவிட்டு, “நீ அங்க மலைல உக்காந்திருக்கப் போய்தான் இப்பிடி” என்றார். எப்படி? நான் தூத்துக்குடியில் இருந்திருந்தால் அட்லாண்டிக்கில் காற்று அடித்திருக்காதா? ஜெனியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். யூனிஃபார்ம் அளவு கேட்டேன்.

மே 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போன் அருகிலேயே.

பதினொன்றே கால். தீவு ஆஸ்பத்திரியிலிருந்து போன்: அறுவை முடிந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் இரண்டு லிட்டருக்கு மேல் இரத்தம். ஆறு பாட்டில் ஏற்றினார்களாம். யாரோ தீவுக்காரர்களின் இரத்தம். அவர்கள் நன்றாயிருக்க வேண்டும்.

உயிர் இருக்கிறது.

எம்.ஓ. மேடத்துக்குச் சொன்னேன். “இன்னும் ஆறு மணி நேரம்னா கஷ்டம் சிஸ்டர்” என்றார். பிறகு, “அந்த ஏப்ரல் ரிப்போர்ட் இன்னும் வரல.” சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பாப்பாயிக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “பொழச்சாருங்களா? செரி செரி” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வீட்டுக்குள் போய்விட்டார். நான் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன்.

மே 25, திங்கள்

புயல் செத்தது. கடைசி அறிக்கை: மூன்று நாள் உயிரோடு இருந்தது. குளிர்ந்த தண்ணீருக்குப் போய்க் கரைந்தது. பாதிப்பு, சேதம், உயிரிழப்பு: ஏதுமில்லை.

இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் மேல் கோபமா என்று யோசித்தேன். அவர் நிலத்தைப் பார்த்து எழுதுகிறார். அது அவர் வேலை. ஆனால் இந்தத் தாளைத்தான் நாளைக்குக் கம்பெனி எடுத்துக் காட்டும். எழுதி வைக்கிறேன், பார்க்கலாம்.

மே 26, செவ்வாய்

காட்டிவிட்டார்கள்.

பிரகாஷ் அவருக்கும் எனக்கும் அனுப்பியது, சேவியர் கையெழுத்துக்காக. “பார்மாலிட்டி மேடம்.” ஒரு பக்கம். சாரம்: அன்று வானிலை மிதமாக இருந்தது. எச்சரிக்கை எதுவும் அமலில் இல்லை. பணியாளர் தம் கவனக்குறைவால் வழுக்கி விழுந்தார். கம்பெனி காலதாமதமின்றி மருத்துவ உதவி செய்தது.

காலதாமதமின்றி!

நாலு வாக்கியம், நாலும் பொய். ஒரு பொய்யையாவது கொஞ்சம் வெட்கப்பட்டு எழுதியிருக்கலாம்.

எம்.ஓ. மேடத்திடம் காட்டினேன். அவர் தம் மெயிலின் நகலை அச்செடுத்துக் கையெழுத்திட்டு நேரம் எழுதிக் கொடுத்தார். சேவியரின் குரல் செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதினேன். இரண்டாம் மேட் தன் நாடிக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டான். நான் கேட்கக்கூட இல்லை.

சேவியருக்குச் செய்தி: “எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. நான் எல்லாம் வச்சிருக்கேன்.” இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் இல்லை. மருந்து மயக்கத்தில் இருப்பார்.

மே 28, வியாழன்

வெயில். பலாப்பழ லாரி ரோட்டில் நின்று பாதை அடைப்பு, ஒரு மணி நேரம்.

சேவியர் வீடியோவில் வந்தார். முதல் முறை. தாடி. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை, மாடுகள். நம் மலை மாதிரியே இருக்கிறது என்றார். நர்ஸ்கள் எல்லாம் நல்லவர்களாம். சூப் உப்பில்லையாம். நான் தையலைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“அந்தப் பேப்பர் இருக்குல்லா. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன் மேரி.”

“வாசிக்காமலா?”

“வாசிச்சேன்.”

“வாசிச்சிட்டா?”

“அடுத்த கப்பலுக்குக் கூப்பிடணும்லா. சண்டை போடுதவன எவன் கூப்பிடுவான்? நம்ம ஊர்ல எத்தன பேரு வரிசைல நிக்காங்க.”

கடல் மிதமாக இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இவர்! அந்தக் காற்றை என் காதுக்குப் பதிந்து அனுப்பிய மனிதர். இன்னும் வயிற்றில் தையல் பிரிக்கவில்லை, அடுத்த கப்பலாம். மண்ணீரல் இல்லாத உடம்புக்குப் போட வேண்டிய ஊசிகள் என்ன என்றுகூட இவருக்குத் தெரியாது. நான்தான் பட்டியல் போட வேண்டும்.

என்ன பேசினேன் என்று நினைவில்லை. கொஞ்சம் அதிகமாகவே பேசியிருப்பேன். அவர் “சரி, சரி” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் துண்டித்தேன். உடனே திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

வாசலில் பாப்பாயிக்கா. பேரனுக்குச் சளி மருந்து வாங்க வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

“கேட்டுட்டீங்களாக்கா.”

“ஊரே கேட்டிருக்குமுங்க.” மருந்து பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அளவுக்கோட்டைப் பார்த்தார். “கோவிச்சுக்கோங்க. நல்லாக் கோவிச்சுக்கோங்க நர்ஸம்மா. இருக்கறவங்ககிட்டத்தானுங்க கோவிச்சுக்க முடியும்.”

ஐந்து மில்லி, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றேன். போனார்.

நகல்களை இன்றே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அவர் கையெழுத்து அவருடையது. நகல்களின் கீழே என் பெயர், என் பதவி, என் கையெழுத்து.

மறுபடி கூப்பிடுகிறார். மூன்றாவது தடவை. நாளைக்கு எடுப்பேன். இன்றைக்கு மாட்டேன்.